சாவி யாரிடம் இருக்கிறது?

(குறுவள மையக் கூட்டம் ஒன்றில் ஆசிரியர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



'வீடும் பள்ளியும்' என்ற தலைப்பில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டைவிடப் பக்கத்து வீட்டைப் பற்றித்தான் நான் அதிகம் பேசப் போகிறேன். தலைப்பை விட்டு விலகுவதாகத் தோன்றினால் ஆசிரியர் பயிற்றுநர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

திருப்பூர் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். சொந்த ஊர் திருநெல்வேலி. வேலைக்காக இந்தப் பக்கம் வந்து பதினாறு வருடம் ஆகிவிட்டது. "ஏனுங்க" என்று பேசப் பழகிவிட்டேன். கோபம் வந்தால் மட்டும் திருநெல்வேலி வெளியே வந்துவிடும். பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்.

என் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை. பெயரை மாற்றிச் செல்வி என்று சொல்கிறேன். படிப்பில் நடுத்தரம், கணக்கில் கெட்டி. அவள் தம்பி இரண்டாம் வகுப்பு. இருவரும் வாரத்தில் இரண்டு நாளாவது தாமதமாக வருவார்கள். இறைவணக்கம் முடிந்து, நான் வருகைப்பதிவு எடுத்து முடிக்கும் நேரத்தில் வாசலில் வந்து நிற்பாள். காலை உணவுத் திட்டத்தில் நம் பள்ளியில் எட்டரைக்கே உப்புமாவோ பொங்கலோ பரிமாறிவிடுகிறார்கள். அதுவும் அந்த நாட்களில் இவர்களுக்குக் கிடையாது. அந்தத் தம்பி பசியோடு உட்கார்ந்திருப்பதாக இரண்டாம் வகுப்பு ஆசிரியை என்னிடம் இருமுறை சொன்னார்.

ஜூலை மாதம் ஒரு நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. அன்று யாரோ பார்வைக்கு வருவதாகச் செய்தி வந்திருந்தது. அந்தப் பதற்றமும் சேர்ந்துகொண்டது. "ஏன் லேட்டு?" என்றேன்.

"ஆயா கதவு திறக்கலைங்க டீச்சர்" என்றாள்.

எந்த ஆயா, என்ன கதவு என்று நான் கேட்கவில்லை. பள்ளிக்கு வர உனக்கு யார் கதவு திறக்க வேண்டும், காலும் கையும் இல்லையா என்று ஏதோ சொன்னேன். வாசலுக்கு வெளியே நிற்கச் சொன்னேன். பத்து நிமிடம் நின்றாள். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு உடலை வருத்துவதோடு மனத்தை வருத்துவதையும் தடை செய்கிறது என்று இதே அரங்கில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம். நானே மற்றவர்களுக்குச் சொல்லியும் இருக்கிறேன். இருந்தும் நிற்க வைத்தேன். அவள் அழவில்லை. மறுநாள் சரியான நேரத்துக்கு வந்தாள். அதற்கடுத்த வாரம் மறுபடி தாமதம். இந்த முறை காரணம் கேட்டால் பேசாமல் நின்றாள். நான் சொன்னது அந்த அளவுக்கு வேலை செய்திருந்தது.

இப்போது என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது.

நான் நகரத்துக்குள் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். பதினாறு வீடுகள். எனக்கு எதிர் வீட்டில் ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் தனியாக இருந்தார். மனைவி இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. மகன் வெளியூரில் வேலை. மாடிப்படியில் பார்த்தால் "ஸ்கூலுக்குங்களா?" என்பார். "ஆமாங்க ஐயா" என்பேன். மூன்று வருடத்தில் எங்கள் பேச்சு இதற்கு மேல் போனதாக நினைவில்லை. அவர் வீட்டுக் கதவுக் கைப்பிடியில் ஒரு துணிப்பை தொங்கும். பால்காரர் ஐந்தரை மணிக்கு அதில் பால் பாக்கெட் போட்டுவிட்டுப் போவார். ஆறு மணிக்கெல்லாம் அவர் எடுத்துவிடுவார்.

செப்டம்பரில் ஒரு நாள் காலை எட்டு மணிக்கு நான் கிளம்பும்போது பையில் பால் அப்படியே இருந்தது. பார்த்தேன். இன்னும் எழவில்லை போல என்று நினைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டேன். மாலை ஐந்தரைக்குத் திரும்பினேன். பால் அப்போதும் தொங்கியது. பாக்கெட் உப்பியிருந்தது. ஊருக்குப் போய்விட்டார் போல, பால்காரரிடம் சொல்ல மறந்துவிட்டார் என்று எனக்கு நானே ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டேன். நன்றாக யோசித்துப் பாருங்கள்: அழைப்பு மணியை அழுத்த ஒரு விரல் போதும். கதவுக்கும் எனக்கும் நான்கடி தூரம். யோசிப்பதற்கு நான் எடுத்துக்கொண்ட நேரத்தில் மணியை அழுத்தியிருக்கலாம்.

இரவு ஏழு மணிக்கு மகன் போனில் கிடைக்காமல் சங்கச் செயலாளரைக் கூப்பிட்டு, அவர் ஆள் வைத்துக் கதவை உடைத்தார். பெரியவர் குளியலறையில் கிடந்தார். விடியற்காலை நான்கு மணிக்கு விழுந்திருக்கிறார். பதினைந்து மணி நேரம். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. நல்லவேளை உயிருக்கு ஆபத்தில்லை. 108 ஆம்புலன்ஸ் வந்து கொண்டுபோனார்கள்.

நான்கு நாள் கழித்து மருத்துவமனைக்குப் போனேன். ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன்; வேறென்ன செய்வது. அவர் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "காலைல ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா உங்க வீட்டு மிக்ஸி ஓடுச்சுங்க டீச்சர். ஆள் இருக்காங்கன்னு தெரிஞ்சுது. அது ஒரு தைரியமா இருந்துச்சு" என்றார்.

அவருடைய குளியலறையும் என் சமையலறையும் ஒரே சுவர். அன்று காலையில் தேங்காய்ச் சட்னி அரைத்தேன். சாயங்காலம் இட்லிப்பொடி. அவர் கூப்பிட்டிருக்கிறார். மிக்ஸி சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. மிக்ஸி ஓடாத நேரத்திலும் எனக்குக் கேட்கவில்லை என்பதுதான் உண்மை.

பேருந்தில் திரும்பி வரும்போதுதான் செல்வி சொன்ன வாக்கியம் எனக்குள் வந்தது. ஆயா கதவு திறக்கலைங்க டீச்சர்.

மறுநாள் மதிய உணவுக்குப் பிறகு அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். உடனே சொல்லவில்லை. முதலில் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். "நீ எதற்கு கேட்கிறாய், நான்தான் கேட்க வேண்டும்" என்று சொல்லி, கேட்டேன். அதற்கப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். சனிக்கிழமை சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன்.

லைன் வீடு. உங்களில் பலருக்குத் தெரியும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரே கூரையின் கீழ் வரிசையாக எட்டு வீடுகள். ஒவ்வொன்றும் ஓர் அறையும் ஒரு சமையல் மூலையும். கடைசியில் எல்லாருக்கும் பொதுவாக இரண்டு குளியலறை, இரண்டு கழிப்பறை. முன்னால் ஒரே சிமெண்ட் வாசல். தேனிப் பக்கத்துக் குடும்பம், மதுரைக் குடும்பம், பீகாரிலிருந்து வந்த ஒரு குடும்பம் என்று கலந்து இருக்கிறார்கள். செல்வியின் அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங். காலை எட்டு மணிக்குப் போனால், ஒன்றரை ஷிப்ட் முடித்து வர இரவு ஒன்பதாகும். சனிக்கிழமை சம்பளம். அப்பா லாரி ஓட்டுகிறார். மாதத்தில் ஏழெட்டு நாள் வீட்டில் இருப்பார்.

பக்கத்து வீட்டில் அந்த ஆயா. எழுபதைத் தாண்டியவர். அவரும் ஒரு காலத்தில் கம்பெனியில் கைமடித்தவர்தான். இப்போது கண் மங்கிவிட்டது. தனியாக இருக்கிறார். சர்க்கரை நோய் உண்டு. மக்களைத் தேடி மருத்துவத்தில் மாதாமாதம் மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது.

செல்வி வீட்டுச் சாவி ஆயாவிடம் இருக்கிறது. பள்ளி விட்டு வந்தால் பிள்ளைகள் இருவரும் ஆயா வீட்டில்தான். டீயும் பொரியும் கொடுப்பார். அடுப்பைப் பற்றவைக்க விடமாட்டார். இருட்டிய பிறகு தம்பியை வாசலைத் தாண்ட விடமாட்டார். பதிலுக்குச் செல்வி செய்கிற வேலைகளை ஆயா என்னிடம் பெருமையாகச் சொன்னார். மாத்திரை அட்டையைப் படித்துக் காலைக்கு எது, ராத்திரிக்கு எது என்று பிரித்து வைப்பாள். அங்கே நல்ல தண்ணீர் வாரத்துக்கு ஒரு முறைதான் வரும். எந்நேரம் வரும் என்று சொல்ல முடியாது. வருகிற நேரத்தில் யார் வீட்டில் இருக்கிறார்களோ அவர்கள் கம்பெனிக்குப் போயிருக்கிறவர்களின் குடங்களையும் பிடித்து வைக்க வேண்டும். இது அந்த வாசலில் எழுதாத சட்டம். ஆயாவின் நான்கு குடம் செல்வியின் பொறுப்பு.

ஒரு முறை ஆயாவுக்குச் சர்க்கரை இறங்கிப்போய், வியர்த்து, காலையில் பேச்சுக் குழறியிருக்கிறது. மாத்திரை கொடுக்க வந்த அம்மா பார்த்து, சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துச் சரி செய்திருக்கிறார். போகும்போது வாசலில் நின்ற செல்வியிடம், "காலைல ஆயா எந்திரிச்சாங்களான்னு பாரு கண்ணு. நினைவு இருந்தா சர்க்கரை கொடு. நினைவு இல்லைன்னா வாயில ஒண்ணும் ஊத்தாதே, உடனே பெரியவங்களைக் கூப்பிட்டு 108க்குச் சொல்லச் சொல்லு" என்று சொல்லியிருக்கிறார். சரியான அறிவுரை. நம்மில் எத்தனை பேருக்கு இந்த இரண்டாவது பகுதி தெரியும்?

அதிலிருந்து செல்வி தினமும் ஆயா கதவு திறக்கும்வரை பள்ளிக்குக் கிளம்புவதில்லை. ஆயாவுக்கு இரவு தூக்கம் பிடிக்காத நாட்களில் விடியலில்தான் கண் அசரும். அந்த நாட்களில் எட்டரை, ஒன்பது ஆகிவிடும். கதவைத் தட்டுவாள். பதில் இல்லாவிட்டால் பின்பக்க ஜன்னலுக்குப் போய்க் கூப்பிடுவாள். உள்ளிருந்து "ம்" என்று ஒரு சத்தம் வந்த பிறகுதான் தம்பியைக் கூட்டிக்கொண்டு ஓடி வருவாள். நான் வாசலில் நிற்க வைத்த நாளும் அப்படி ஒரு நாள்தான்.

பத்து வயதுப் பிள்ளை தினமும் பார்த்ததை, ஐம்பதை நெருங்கும் ஆசிரியை ஒரே நாளில் இரண்டு முறை பார்த்தும் பார்க்காமல் போனேன். இதை இதற்கு மேல் விளக்கத் தெரியவில்லை.

இப்படிச் சொல்வதால் லைன் வீடு சொர்க்கம், அடுக்குமாடி நரகம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் திருநெல்வேலியில் ஒரு வளவில் பிறந்து வளர்ந்தவள். பதினோரு வீடு, ஒரு கிணறு. ஒரு வீட்டில் மீன்குழம்பு வைத்தால் எல்லா வீட்டுக்கும் கிண்ணத்தில் போகும் என்று சொல்லிச் சிலாகிப்போம். அந்தப் பதினோரு வீட்டுக்கும் யார் குடிவரலாம், யார் வரக்கூடாது என்பதை வீட்டுக்காரர் எதை வைத்து முடிவு செய்தார் என்பதைச் சொல்ல மாட்டோம். இங்கே நான் வீடு தேடியபோதும் "உங்களுக்கு எந்த ஊருங்க, அங்க எந்தத் தெருங்க?" என்று சுற்றி வளைத்துக் கேட்டார்கள். அந்தக் கேள்வியின் பொருள் எல்லாருக்கும் தெரியும். வளவில் அக்கறையும் இருந்தது, வம்பும் இருந்தது. என் அக்கா ஒரு பையனோடு பேருந்து நிறுத்தத்தில் பேசியது அவள் வீட்டுக்கு வந்து சேரும் முன் அம்மா காதுக்கு வந்து சேர்ந்தது. அவளுடைய படிப்பு ஒரு வருடம் நின்றதற்கு அந்த அக்கறைதான் காரணம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பக்கத்து வீடு என்றாலே நம்பலாம் என்று பிள்ளைகளிடம் நாம் சொல்லிவிட முடியாது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பற்றிய பயிற்சியில் நாம் எல்லாரும் உட்கார்ந்திருக்கிறோம். குழந்தைகளுக்குத் தீங்கு செய்பவர்களில் பெரும்பாலோர் அந்தக் குழந்தைக்கு முன்பே தெரிந்தவர்கள். உறவினர், அக்கம்பக்கத்தார். ஆகவே சாவி யாரிடம் இருக்கிறது என்ற கேள்வியோடு, அந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், அங்கே இருக்க உனக்குப் பிடிக்கிறதா என்ற கேள்விகளும் சேர்ந்தே வர வேண்டும். 1098 என்ற எண் சுவரில் ஒட்டியிருந்தால் மட்டும் போதாது, பிள்ளைக்கு மனப்பாடமாகத் தெரிய வேண்டும்.

சரி, என்ன செய்தோம்?

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேசினேன். நம் பதிவுகளில் பெற்றோர் கைபேசி எண் இருக்கிறது. பகலில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கூப்பிட்டால் எடுப்பதில்லை என்று குறைப்படுகிறோம். பல கம்பெனிகளில் வேலை செய்யும் இடத்துக்குக் கைபேசி கொண்டுபோக விடமாட்டார்கள் என்று ஒரு தாய் எழுந்து சொன்னார். "டீ டைம்ல பாக்கிறப்ப ஸ்கூல்ல இருந்து ஆறு மிஸ்டு கால் இருக்குதுங்க. என்னமோ ஏதோன்னு பதறிப்போய்த் திருப்பிக் கூப்பிட்டா, நீங்க வகுப்புல இருக்கீங்க" என்றார். எல்லாரும் சிரித்தோம். அப்போதுதான் ஒரு நோட்டுப் போட முடிவானது. பிள்ளையின் பெயருக்கு எதிரே, பெற்றோர் வேலைக்குப் போனபின் வீட்டுச் சாவி யாரிடம், அவருடைய எண் என்ன, பிள்ளையை அழைத்துப் போக அவருக்கு அனுமதி உண்டா என்று பெற்றோரே சொல்லி, பெற்றோரே கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான். நூறு பக்க நோட்டு ஒன்று போதும். இன்னொரு பதிவேடா என்று நீங்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. இது யாரும் கேட்டு அனுப்ப வேண்டியதில்லை. நம் மேசையிலேயே இருக்கும்.

இல்லம் தேடிக் கல்வி 2021இல் தொடங்கியபோது என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். பள்ளி மூடிக் கிடந்த காலத்தின் இழப்பைச் சரிசெய்ய, சாயங்காலங்களில் பக்கத்து வீட்டு அக்காக்கள்தான் திண்ணையிலும் மொட்டைமாடியிலும் பிள்ளைகளை உட்கார வைத்தார்கள். அந்த அக்காக்களின் வீடு எது என்று நமக்குத் தெரிந்திருந்தது. அப்புறம் மறந்துவிட்டோம்.

செல்வியின் விஷயத்தில் ஒன்று எனக்கு உறுத்தியது. அவள் செய்தது பெரிய காரியம்தான். ஆனால் ஒரு மூதாட்டியின் உயிர் பத்து வயதுப் பிள்ளையின் தலையில் மட்டும் இருக்கக் கூடாது. அவளைப் பாராட்டிப் பரிசு கொடுத்துவிட்டு நாம் ஒதுங்கிக்கொண்டால், நாளைக்கு ஏதாவது ஆனால் அந்தப் பிள்ளை ஆயுள் முழுவதும் அதைச் சுமக்கும். அவள் அம்மாவிடம் பேசினேன். அந்த லைனில் மூன்றாவது வீட்டுப் பெண் மில்லில் இரவு ஷிப்ட் முடித்துக் காலை ஏழரைக்கு வருகிறார். "நான் பார்த்துக்கறேன், எனக்கென்ன, கதவைத் தட்டிட்டுப் படுக்கப் போறேன்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். இவ்வளவு நாள் யாரும் அவரைக் கேட்கவில்லை. ஆயாவுக்குத்தான் கொஞ்சம் மனத்தாங்கல். "என்னைய எல்லாரும் காவல் காக்கறீங்க" என்றார். அதிலும் நியாயம் இருக்கிறது. பேசி, கதவு திறந்ததும் ஆயாவே வாசலில் ஒரு வாளியை எடுத்து வெளியே வைப்பது என்று முடிவானது. வாளி தெரிந்தால் தட்ட வேண்டியதில்லை. செல்வி இப்போது நேரத்துக்கு வருகிறாள். மழை நாட்களைத் தவிர.

வகுப்பில் 'எங்கள் வீதி' என்று ஒரு செயல்பாடு கொடுத்தேன். நடுவில் உன் வீடு. இருபுறமும் எதிரிலும் யார் வீடு, அவர்களிடம் கடைசியாக என்ன வாங்கினாய், என்ன கொடுத்தாய் என்று வரைந்து எழுத வேண்டும். பீகார்ப் பையன் ஒருவன், பக்கத்து வீட்டு அக்காவிடம் தமிழ் வாங்கினேன் என்று எழுதியிருந்தான். எழுத்துப் பிழைகளைத் திருத்த மனம் வரவில்லை. இன்னொருவன் அண்ணாச்சி கடையை மட்டும் பெரிதாக வரைந்து 'கடன்' என்று எழுதியிருந்தான். ஒரு பையன் வலப்பக்கத்தை வெறுமையாக விட்டிருந்தான். "அவங்க எங்களோட பேச மாட்டாங்க டீச்சர்" என்றான். ஏன் என்று கேட்டேன். தெரியாது என்றான். அவன் அம்மாவிடம் பேச வேண்டும் என்று குறித்து வைத்திருக்கிறேன், இன்னும் பேசவில்லை.

பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக என் வீட்டையும் கரும்பலகையில் வரைந்தேன். செல்விதான் கையைத் தூக்கினாள். "டீச்சர், உங்க எதிர் வீட்டுல யாருங்க?"

பெரியவர் மகனோடு போய்விட்டார். அந்த வீட்டுக்கு ஒரு குடும்பம் குடிவந்து இருபது நாள் ஆகியிருந்தது. யார் என்று எனக்குத் தெரியவில்லை. "நாளைக்குச் சொல்கிறேன்" என்றேன்.

அன்று சாயங்காலம் போய் மணியை அழுத்தினேன். ஓர் இளம்பெண், இடுப்பில் குழந்தையோடு, கதவைப் பாதி மட்டும் திறந்து, "யாருங்க?" என்றார். எதிர் வீடு என்று கையைக் காட்டினேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு கதவை முழுதாகத் திறந்துவிட்டுக் கேட்டார்: "இங்க பால் யாருங்க போடறாங்க?"